மூணரைக் கட்டை

1

அறுபத்து மூன்றாவது வயதில் என்னுடைய முதல் தனி ஆல்பம் வந்திருக்கிறது. ஒன்பது ட்ராக். எல்லாம் எலெக்ட்ரிக் கிட்டார், பாட்டுக் கிடையாது. நன்றாக வந்திருக்கிறது. இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தே பதினெட்டு வருடம் போய்விட்டது.

ஜெர்மனியில் பிரேமன் என்கிற ஊரில் இருக்கிறேன். இந்த நவம்பரோடு வந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. என் மனைவி உஷாவுக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் அவள் பின்னாலேயே ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வாரத்தில் ஐந்து நாள் டிராம் ஓட்டினேன், மீதி இரண்டு நாள் மது விடுதிகளில் வாசித்தேன். பதினாறு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு வாசிப்பு நின்றுபோய் டிராம் மட்டும் மிஞ்சியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை உடம்பு அலுப்பாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே இருந்தேன்.

போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மறுவாரமே ஓர் அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. ‘தற்போதைய தொழில்’ என்ற இடத்தில் ‘இசைக் கலைஞர்’ என்று எழுதி அனுப்பினேன். ஆதாரம் கேட்டுப் பதில் வந்தது. மெட்ராஸ் கல்லூரிகளில் நான் மேடை ஏறினால் பின்வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள் என்பதற்கு ஆதாரத்தை எங்கே போய் வாங்குவது? ‘ஆதாரம் தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு வரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, அன்றைக்கே ஆல்பம் வேலையைத் தொடங்கினேன். கோபத்தில் தொடங்கிய காரியங்கள் எனக்கு எப்போதுமே சரியாக வந்திருக்கின்றன.

எங்கள் குடியிருப்பில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அமைதி நேரம். கீழ்வீட்டு அம்மாள் அதற்காகவே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வெறும் கம்பியில் வாசிப்பேன். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் காதோரம் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். ஆல்பத்தில் பாதி அந்தக் கொசுப்பாட்டில்தான் பிறந்தது.

2

மகள் மாயாவுக்கு இருபத்தெட்டு வயது. வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில் வருவாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சின்ன வயதில் ராகம் போட்டு இழுத்துத் தமிழ் பேசியவள்தான். பள்ளிக்கூடம் போனதும் ஒவ்வொரு சொல்லாகக் கழற்றி வைத்துவிட்டாள். ‘அப்பா’ மட்டும் இன்னும் மாறவில்லை. அதுவரைக்கும் லாபம் என்று இருக்கிறேன்.

ஆல்பத்தை வெளியிடுவதற்கான கணினி வேலையெல்லாம் அவள் பொறுப்பு. இங்கே இசையை வெளியிடுவதற்கு முன் உரிமையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் ஒரு படிவம். ஒவ்வொரு ட்ராக்கையும் இயற்றியவர் யார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இன்னொருவருக்குப் பங்கு இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும், அதுவும் பேனா மையில். ஸ்கேன் செல்லாது. விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற நாடு இது, ஆனாலும் பேனா மையைத்தான் நம்புகிறது.

சமையலறை மேசையில் உட்கார்ந்து மாயா கேட்கக் கேட்க நான் சொன்னேன். ஒன்று, நான். இரண்டு, நான். ஆறு வரைக்கும் நான், நான் என்று தடையில்லாமல் போயிற்று. ஏழாவது ட்ராக்கின் பெயர் ‘மூணரைக் கட்டை’. ஆல்பத்தின் பெயரும் அதுதான். அங்கே வந்ததும் நான் எழுந்து காப்பி போடப் போனேன்.

அவள் அங்கேயும் என் பெயரையே எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்து, “ஷ்டிம்ட் தாஸ், அப்பா?” என்றாள். ‘அது சரிதானா?’ என்று அர்த்தம். ஜெர்மனில் ஒரு விஷயம் உண்மையா என்று கேட்பதற்கும் வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதற்கும் வினைச்சொல் ஒன்றே. முப்பது வருடமாக அந்தச் சொல்லோடு பழகியும் அன்றைக்குத்தான் அது என்னைச் சுட்டது.

“இன்னொருத்தரும் இருக்கார்,” என்றேன். “மெட்ராஸ்ல.”

“அப்படியானால் அவர் கையெழுத்து வேண்டும்,” என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, படிவத்தில் மூன்று பிரதிகள் அச்செடுத்து என் கையில் கொடுத்தாள். ஒன்றிரண்டையாவது கெடுத்துவிட்டு வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.

3

அந்த இன்னொருத்தன் இக்பால். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. எண்பதுகளில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தோம். பெயர் ‘லோ வோல்டேஜ்’. அப்போதைய ராயப்பேட்டைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. நான் லீட் கிட்டார், இக்பால் பேஸ் கிட்டார். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஒத்திகை.

கட்டை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள். ஹார்மோனியத்தில் முதல் வெள்ளை ஒரு கட்டை, அடுத்த கறுப்பு ஒன்றரை. பிறகு வெள்ளை இரண்டு, கறுப்பு இரண்டரை, வெள்ளை மூன்று. மூன்றுக்கு அடுத்துக் கறுப்பு கிடையாது, நேராக நான்கு வந்துவிடும். ஆகவே மூணரைக் கட்டை என்று ஒன்று உலகத்தில் இல்லை. கிட்டார்காரன் பாஷையில் மூன்று என்பது ஈ, நான்கு என்பது எஃப். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

ஒரு கல்லூரி விழாவில் எங்களோடு பாட மயிலாப்பூரிலிருந்து வத்சலா என்கிற பெண் ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் சுருதி என்ன என்று கேட்பதற்காகத் தெருமுனை மருந்துக் கடையிலிருந்து போன் செய்தேன். லைனில் ஒரே இரைச்சல். “எத்தனை?” என்று கத்தினேன். “மூணரை,” என்றாள். மேலே என்னவோ சொன்னாள், கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டது. ஒத்திகைக்கு அவள் வரப்போகிற நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறாள் என்பது மறுநாள் தெரிந்தது. “மூணரைக்கு மேல ஆயிடுத்துன்னா ஆத்துல அனுப்ப மாட்டா, அதைத்தானே சொன்னேன்?” என்று கோபித்துக்கொண்டாள்.

இனி வருவதுதான் நான் நாற்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த கதை. மாடிக்குப் போய் ‘மூணரையாம்’ என்று இக்பாலிடம் சொன்னேன். இக்பாலுக்குக் கட்டைக் கணக்கு தெரியாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பி, ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவில் கம்பியை இழுத்து இழுத்துத் தேடினான். அந்தத் தேடலில் ஐந்து சுரமுள்ள ஒரு வரி தற்செயலாக வந்து விழுந்தது. நான்காவது சுரம் அந்த இல்லாத இடத்தில் நின்று கொஞ்சம் அழும், கொஞ்சம் சிரிக்கும். என் காதுக்கு அதன் அருமை உடனே தெரிந்தது. விழாவில் அதை நான் கிட்டாரில் வாசித்தேன். கூட்டம் எழுந்து நின்றது. அதன் பிறகு எங்கே போனாலும் ‘சேகர் இழுப்பு, சேகர் இழுப்பு’ என்று கேட்டு வாங்குவார்கள். சேகர் நான்தான்.

இக்பால் ஒன்றும் சொல்லவில்லை. என் பின்னால் நின்று பேஸ் வாசித்துக்கொண்டிருந்தான். தப்பில் பிறந்த ஒன்றுக்குச் சொந்தக்காரன் என்று யாரும் இல்லை, அதை இசையாக்கியவனுக்குத்தான் அது சொந்தம் என்று நான் எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவைத்திருந்தேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக இருந்ததால் மேல்முறையீடு செய்யத் தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன் மெட்ராஸின் பழைய ராக் குழுக்களைப் பற்றி ஓர் இணையதளத்தில் என்னைப் பேட்டி கண்டார்கள். அதில் இக்பாலின் பெயரே வரவில்லை. ‘ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவில் நான் தேடியது என் ஊரை’ என்று சொல்லியிருக்கிறேன். ஊர் எங்கே போயிற்று நான் தேட? அது இருந்த இடத்திலேயே இருந்தது. விட்டுவிட்டு வந்தவன் நான்.

4

ஆல்பத்தைச் சென்னையில் வெளியிட வேண்டும் என்று ‘லோ வோல்டேஜ்’ காலத்து ரசிகர்கள் சிலர் சேர்ந்து அடையாறில் ஒரு சிறிய அரங்கத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லோரும் இப்போது தாத்தாக்கள். நான் பெசன்ட் நகரில் ஒரு வாடகை அறையில் தங்கினேன். நிகழ்ச்சிக்கு முதல் நாள் காலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

“ராயப்பேட்டை போகணும், பிட்டே,” என்றேன். ஜெர்மனில் ‘தயவுசெய்து’ என்பதற்கு ‘பிட்டே’. நாக்கு ஊர் திரும்பியது தெரியாமல் அங்கேயே இருந்தது.

“இன்னா சார், ஏறும்போதே பிட்டு போட்ற?” என்றார் ஆட்டோக்காரர். சென்னையில் பிட்டுப் போடுவது என்றால் கதை விடுவது. நான் போகிற காரியத்தை இவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன்.

இக்பால் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவன் மகள் ஷபானா. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. நான் பெயரைச் சொன்னதும் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அன்பு என்று சொல்ல முடியாது.

“ஓ, நீங்கதான் சேகர் அங்கிளா? உக்காருங்க. அத்தா இல்ல, டி.நகர்ல ஒரு மண்டபத்துல சவுண்டு வேலையா போயிருக்காரு.”

இக்பாலின் அத்தா, அதாவது அப்பா, மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அதை இவன் பெரிய சவுண்ட் சர்வீஸாக வளர்த்திருக்கிறான். பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். இந்த மாதிரி ஓர் ஆல்பம், அதில் உங்கள் அத்தாவின் பெயரையும் போடப் போகிறேன், கையெழுத்து வாங்க வந்தேன் என்று ஷபானாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். “எந்தப் பாட்டுக்கு அங்கிள்?”

“மூணரைக் கட்டை.”

“அது நீங்க போட்டதாச்சே? பேட்டில சொன்னீங்களே.”

நான் தண்ணீர் குடித்தேன்.

“நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப அத்தா அத முனகிக்கிட்டே இருப்பாரு. ‘இது நான் போட்ட ட்யூன்’னு சொல்லுவாரு. நாங்களும் நம்பினோம். அப்புறம் நெட்ல உங்க பேட்டிய பார்த்தேன். நான்தான் அவருக்கு ஓட்டிக் காமிச்சேன். ‘இன்னாத்தா, இவரு வேற மாதிரி சொல்றாரே’ன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. முழுசா பார்த்தாரு. அதுக்கப்புறம் அந்த ட்யூன முனகறதே இல்ல.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோதனைச் சாலையில் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுகிற மாதிரிச் சொன்னாள். அந்த நாற்காலியில் என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டி.நகருக்குக் கிளம்பினேன்.

5

மண்டபத்தில் சாயங்கால வரவேற்புக்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மேடைக்குக் கீழே கேபிளைக் கையிலும் முழங்கையிலுமாகச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“யாரு... சேகரா? இன்னாபா, தலையெல்லாம் காலியா கீது!”

“உனுக்கு மட்டும் இன்னா, சும்மா பஞ்சு மாரி வெளுத்து கீது,” என்றேன். பதினைந்து நொடியில் முப்பது வருட ஜெர்மன் கழன்று விழுந்தது.

“டிராம் ஓட்டிகினு கீறன்னு சொன்னாங்கோ.”

“ரிட்டையர் ஆயிட்டேன். ஆல்பம் போட்டுகீறேன் மச்சி, நாளைக்கி அடையார்ல ரிலீஸு. சோலோ.”

“பேஸ் யாரு?”

“நானே.”

“ட்ரம்ஸு?”

“கம்ப்யூட்டரு.”

“அப்ப நெஜமாவே சோலோதான்!” என்று சிரித்தான். பழைய சிரிப்பு, தோள் இரண்டும் குலுங்கும். இவ்வளவுதானா விஷயம், எதற்கு இத்தனை பயந்தோம் என்று இருந்தது எனக்கு. படிவத்தை எடுத்து நீட்டினேன்.

“ஏழாவது ட்ராக்குல உன் பேரையும் சேர்த்துகீறேன் இக்பால். ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். “சேர்த்துகினியா? இன்னாத்துக்கு?”

“நீ அன்னிக்கி தப்பா புடிச்சதாலதான அந்த நோட்டே வந்துச்சு? அத மறக்கக் கூடாதில்ல.” இதை நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கேபிள் சுற்றுவது நின்றது. “தப்பாவா?”

“கட்டைக் கணக்கு தெரியாம நீ...”

“யாருக்குத் தெரியாது?” என்றான். குரலை உயர்த்தவில்லை. “எங்கத்தா மைக் செட்டு வச்சினு இருந்தாரு சேகர். பத்து வயசுலேர்ந்து மார்கழின்னா நான் மைலாப்பூர் சபாலதான் கெடப்பேன். பாட்றவங்கோ வந்து ஒக்காந்ததும் மொத பேச்சே எத்தினி கட்டைன்றதுதான். ஒண்ணு, நாலரை, அஞ்சு, அஞ்சரைன்னு கேட்டுக் கேட்டு வளந்தவன் நானு. மூணரை இல்லன்னு எனக்கா தெரியாது?”

“அப்புறம் ஏன் புடிச்ச?”

“உன்னியக் கலாய்க்கத்தான்! மூஞ்ச சீரியஸா வெச்சினு மாடி ஏறி வந்து, ‘மூணரைக் கட்டையாம்டா, ட்யூன் பண்ணு’ன்ன. எனுக்கு சிரிப்பு தாங்கல. சரி, இவன் கேட்ட கட்டைய குடுப்போம்னு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கம்பிய இஸ்துகினு நின்னேன். மொதல்ல காமெடியாதான் இருந்துச்சு. நாலு தபா வாசிச்சதும் பாத்தா நல்லா கீது. நீ அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் போன் போட மருந்துக் கடைக்கு ஓடிட்ட. நீ திரும்பி வர்றதுக்குள்ள முன்னால மூணு நோட்டு, பின்னால ஒரு நோட்டு வெச்சி முடிச்சிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “தப்பா போய் வுழுந்தது இல்ல நைனா. இல்லாத எடம்னு தெரிஞ்சேதான் அங்க போனேன்.”

இரண்டாவது தடவை மருந்துக் கடைக்கு ஓடியது எனக்கு நினைவிருந்தது. கடைக்காரர் போனைத் தர மறுத்ததுகூட நினைவிருந்தது. அந்த ஓட்டத்தை மட்டும் கழித்துவிட்டு நாற்பது வருடம் கதை சொல்லியிருக்கிறேன். கட்டைக் கணக்கு தெரியாமல் மாடி ஏறியவன் நான். என் தப்பைத் தூக்கி அவன் தலையில் வைத்து, அந்தத் தப்பைக் காரணம் காட்டியே அவன் இசையையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாயா கொடுத்த இரண்டாவது பிரதியை எடுத்தேன். மேடை விளிம்பில் வைத்து, ‘இயற்றியவர்’ என்ற இடத்தில் இக்பாலின் பெயரை மட்டும் எழுதினேன். பேனாவை அவனிடம் நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. “இத எட்த்துனு போய் ஜெர்மனிக்காரன் கைல குட்த்தா ஜெர்மனிக்காரனுக்குத் தெரியும். எனுக்கு அவனா முக்கியம்? என் பொண்ணு என்னப் பாத்து சிரிச்சிட்டா சேகர். திட்டியிருந்தாகூட பரவால்ல. ‘வுடுத்தா, பழைய நெனப்புல கொஞ்சம் மாறிப் போயிருக்கும்’னு ஆறுதல் சொல்லி சிரிச்சா. எனுக்கு அதுதான் தாங்கல.”

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.

“நாளைக்கி அடையார்ல சவுண்டு யாரு?”

“ஹால்லயே ஒருத்தர் இருக்காரு.”

“அவர ரெஸ்ட் எட்த்துக்க சொல்லு. நான் வரேன். ஷபானாவயும் இட்டுனு வரேன்.” மறுபடியும் கேபிளைச் சுற்றத் தொடங்கினான். “நீ இன்னா பேசறன்னு பாக்கலாம்.”

வெளியே வந்து பாண்டி பஜார் நடைபாதையில் வெகுநேரம் நடந்தேன். பயமாக இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. அடையாறில் மாட்டியிருந்த பேனரில் ‘சேகர் இழுப்பு மீண்டும்’ என்று முழ நீளத்துக்கு எழுதியிருந்தார்கள். வரப்போகிற அத்தனை பேரும் அந்த ஐந்து சுரத்துக்காகத்தான் வருகிறார்கள். அது என்னுடையது இல்லை என்றால் இந்த ஊருக்கு நான் யார்? மாயாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “இதையெல்லாம் மேடையில் சொன்னால் அடுத்த நிகழ்ச்சிக்கு யார் வருவார்கள்?” என்றேன்.

அவள் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, “அப்பா, அடுத்த நிகழ்ச்சி இருக்கா?” என்று கேட்டாள். கிண்டலா, அக்கறையா தெரியவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

6

படிவம் இக்பாலின் கையெழுத்தோடு இப்போது பிரேமனில் உரிய அலுவலகத்தில் இருக்கிறது. ஏழாவது ட்ராக் இக்பாலுடையது. மற்ற எட்டும் என்னுடையவை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ‘இசைக் கலைஞர்’ என்பதற்கான ஆதாரமாக ஆல்பத்தையே அனுப்பி வைத்தேன். ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன்.

அடையாறு அரங்கத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மதியமே இக்பால் தன் ஸ்பீக்கர்களோடு வந்துவிட்டான். ‘ஏத்து’, ‘எறக்கு’ என்பதைத் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மணிக்குக் கூட்டம் நிரம்பியது. முதல் ட்ராக்கிலேயே கை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தற்பெருமை என்றாலும் பரவாயில்லை, அன்றைக்கு நான் பிரமாதமாக வாசித்தேன். ஐந்தாவது முடிந்ததும் முன்வரிசைத் தாத்தா ஒருவர் விசிலடித்தார். ஆறாவது முடிந்ததும், “சேகர் இழுப்பு!” என்று குரல்கள் தொடங்கின.

மைக்குக்குப் போனேன். எழுதிக் கொண்டுவந்த தாள் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.

“அதுக்கு நீங்க வெச்ச பேர் தப்பு,” என்றேன். “அது சேகர் இழுப்பு இல்லை. போட்டது நான் இல்லை. இக்பால். என்னோட பேஸ் வாசிச்சவன். அதோ, பின்னால சவுண்ட் போர்டு கிட்ட நிக்கறான்.”

சிரித்தார்கள். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “சும்மா சொல்லாதீங்க சார்!” என்று ஒருவர் கத்தினார்.

“நாற்பது வருஷம்தான் சும்மா சொன்னேன்,” என்றேன். “பேட்டியிலும் சும்மாதான் சொன்னேன்.” பிறகு மருந்துக் கடையையும் போனையும் மூணரையையும் விவரமாகச் சொன்னேன். கட்டைக் கணக்கு தெரியாமல் மாடி ஏறியது யார், தெரிந்து வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்தது யார், நான் மறுபடியும் போன் செய்ய ஓடிய நேரத்தில் உட்கார்ந்து அதை முடித்தது யார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் வழியோரமாக உட்கார்ந்திருந்த ஷபானா எழுந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் அத்தாவைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. இக்பால் அவளைப் பார்த்தான். பிறகு சட்டென்று போர்டின் மேல் குனிந்து எதையோ திருகத் தொடங்கினான்.

எனக்கு இன்னும் பேச வேண்டும்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பகுதிக்கு அப்போதுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தபோது என் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில், வாசிக்கிறவனுக்கு மட்டும் கேட்கும் ஸ்பீக்கரில், இக்பாலின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது.

“போதும் நைனா, வாசி. உன் ஈ கம்பி எறங்கி கீது.”

தட்டிப் பார்த்தேன். சுருதி இறங்கித்தான் இருந்தது.